இடைவெளித் தொகை

நடக்க வேண்டும் என்ற ஆசை கஸ்பாருக்கு இல்லாமல் போனதுதான் வினையாய் முடிந்தது.

எட்டு வயதில் உப்பு லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனவன், முள்ளித்துறை வளைவில் கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் காலைப் பார்த்துப் பார்த்து அழுவான். அவன் அம்மை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கஞ்சிச் சட்டியைத் தூக்கி எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, “கால நெனச்சு அழுதா இந்த வீட்ல கஞ்சி கெடையாது. கை இருக்குல்லா, கைய வச்சு என்ன செய்யலாம்னு யோசி” என்றாள். கொடுமைக்காரி என்று தெருவே பேசியது. ஆனால் வைத்தியம் பலித்தது. முதலில் அழுவதை விட்டான். மீசை முளைக்கும் வயதில் ஆசைப்படுவதையும் விட்டான். அதற்குப் பிறகு கனவில்கூட அவன் கையை ஊன்றித்தான் நகர்ந்தான்.

இப்போது ஐம்பதை நெருங்குகிறான். கடற்கரையில் தார்ப்பாய் நிழலில் சக்கர நாற்காலியைப் போட்டுக்கொண்டு வள்ளத்து மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுவான். கிடைப்பது சொற்பம். ஆனாலும் வாய் நிறையச் சிரிப்பு இருக்கும். ‘மனசுன்னா கஸ்பார் மனசு மாதிரி இருக்கணும்’ என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே ஒருமுறை சொன்னார். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். பெருமை யாரை விட்டது?

மோட்டார் வேலை சோற்றுக்கு ஆகும். மற்றதற்கெல்லாம் அரசாங்கத்தின் ஊன உதவித்தொகை இருந்தது. மூத்திரம் போக ரப்பர் குழாய், அது வந்து சேரும் பை, உட்காரும் இடம் புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவனுக்குப் புண் வந்தால் தெரியாது. தெரியும்போது எலும்பு தெரியும். ஆகவே அந்தத் தொகை அவனுக்கு உதவி என்பதைவிட உயிர் என்று சொல்வது பொருந்தும்.

பழைய முறையில் டாக்டர் பார்த்து இத்தனை சதவீதம் ஊனம் என்று சான்று கொடுப்பார். டாக்டரைப் பார்க்குமுன் டாக்டருக்கு வேண்டியவரைப் பார்க்க வேண்டும். ஓடியாடித் திரிகிறவன் எண்பது சதவீதம் வாங்கியதும் உண்டு. இரண்டு காலும் இல்லாதவனிடம் இல்லாததற்கு அத்தாட்சி கேட்டதும் உண்டு. இந்த அநியாயத்தையெல்லாம் ஒரேயடியாக ஒழிக்கிறோம் என்று சொல்லித்தான் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்ததால்தான் யாரையும் திட்டவும் முடியவில்லை.

புதிய முறைக்கு மாற்றத் தூத்துக்குடி அலுவலகத்திலிருந்து அவன் வீட்டுக்கு வந்தவள் ஆதிரை. மதுரைப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரை வேலி ஓரம் நிறுத்திவிட்டு ஒரு பெட்டியுடன் உள்ளே வந்தாள். கஸ்பாரின் மனைவி பிரகாசி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“இனிமே ஆளப் பாத்து யாரும் மார்க் போட மாட்டாங்கண்ணே. மெஷின்தான்” என்று பெட்டியைத் திறந்தாள் ஆதிரை. உள்ளே துணி நாடா மாதிரி ஒரு பட்டையும், மெல்லிய வளையம் ஒன்றும் இருந்தன. “இது கழுத்துக்கு. மூளையிலேருந்து காலுக்குப் போற உத்தரவ இது படிக்கும். இந்த வளையம் கணுக்காலுக்கு. கால் நகந்துச்சான்னு பாக்கும். உத்தரவு போயி, கால் நகரலைன்னா அதுதான் இடைவெளி. எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தொகை.”

“உத்தரவுன்னா? மனசுல நெனைக்கதா?”

“வெறுமன நெனைக்கிறது இல்லண்ணே. கடைக்குப் போகணும்னு நெனச்சுக்கிட்டே நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். அத இது எழுதாது. எந்திரிக்க உள்ளுக்குள்ள ஒரு வேகம் எடுப்போம் பாருங்க, கெளம்புற நேரம், அதத்தான் எழுதும். டாக்டர ஏமாத்தலாம், இத ஏமாத்த முடியாது. காரணம் என்னன்னும் இது கேக்காது. காரணம் கேட்டாத்தான சிபாரிசு வருது, லஞ்சம் வருது?”

“அது சரிதான்” என்றான் கஸ்பார். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

“இன்னொன்னு. இதே வீட்ல பொழங்குற, கால் நல்லா இருக்கற ஒருத்தரும் இதே மாதிரி ஒரு பட்டையும் வளையமும் கட்டிக்கணும். உங்களோடத அதோட வச்சு ஒப்பிட்டுப் பாக்க. வீட்டாளுதான்னு இல்ல, அடிக்கடி வந்து போற பக்கத்து வீட்டுக்காரங்கன்னாலும் போதும்.”

“கோழிக்கடை ஜான்சி கட்டிக்கிடட்டும்” என்றாள் பிரகாசி சட்டென்று. “எனக்குக் கழுத்து வேர்க்கும்.”

கஸ்பார் விடவில்லை. “நல்லாருக்கு! என் கழுத்துல ஒண்ணு, ஜான்சி கழுத்துல ஒண்ணா? ஊரு என்ன பேசும்? எங்க ரெண்டு பேருக்கும் சோடியாக் கட்டுங்க தங்கச்சி. கல்யாணத்தன்னைக்குக் கட்டுனதுக்குப் பெறவு நான் இவ கழுத்துக்கு ஒண்ணுமே செஞ்சு போடல.”

ஆதிரை சிரித்துவிட்டாள். பிரகாசியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. பிறகு முந்தானையை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். அன்று சாயங்காலம் தெருவில் இருவரையும் பார்த்தவர்கள், புது மாப்பிள்ளை பொண்ணு எங்க போறாவ என்று கேலி செய்தார்கள். கஸ்பாருக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கைப்பேசியில் ஒற்றை வரி வந்தது. ‘உங்கள் இடைவெளி: இல்லை.’

கஸ்பார் அதை வாசித்துவிட்டுச் சிரித்தான். எங்கோ ஆள் மாறிவிட்டது என்று நினைத்தான். ஆதிரைக்குப் போன் போட்டான். அவள் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆள் மாறலண்ணே. இந்த மாசம் முழுக்க உங்க மூளை காலுக்கு ஒரு உத்தரவுகூடப் போடல. போடாத உத்தரவு நெறவேறலன்னு எப்படி எழுதும்?” என்றாள்.

“நாப்பது வருசமா நான் போடல. போட்டா என்ன ஆவும்? அழுகதான் வரும்.”

“எனக்குப் புரியுதுண்ணே. மெஷினப் பொறுத்தவரைக்கும் உங்களுக்குக் கொறையே இல்ல.”

‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அரசாங்கம் அதையே திருப்பிச் சொன்னபோது அடுத்த தெருத் தொம்மை ஞாபகத்துக்கு வந்தான். அவனுக்கும் இதே வரிதான் வந்தது; அதையும் ஆள் மாறியதாகத்தான் கஸ்பார் நினைத்திருந்தான். தொம்மை பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன், கஸ்பாரோடு சீட்டாடுகிறவன். முதல் சுற்றிலேயே அவனைப் புதிய முறைக்கு மாற்றினார்கள். தொகை நின்றதும் ஓட்டை விழுந்த மெத்தையிலேயே உட்கார்ந்தான், தூக்கிப்போட வேண்டிய குழாயைக் கழுவிக் கழுவி மாட்டினான். ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம் தொடங்கும் முன்னே அவனை அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியை மூடும்வரை புண் நாற்றத்தில் யாராலும் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

“மறு அளவீடு ஒரு தடவ உண்டு” என்றாள் ஆதிரை. “உங்க ஊர் மாதா திருவிழா முடியற வரைக்கும் பழைய தொகை வரும். அதுக்குள்ள இடைவெளி காட்டணும்.”

“இல்லாத ஆசைய எந்தக் கடையில போயி வாங்க?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. டெரன்ஸ் சார்னு ஒருத்தர் வகுப்பு எடுக்கறாரு.”

ஆசைக்கு வகுப்பு! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. டெரன்ஸ் முன்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவர். வழுக்கைத் தலையும் சோர்ந்த கண்ணுமாக நடுவில் நின்றுகொண்டு, “வேலையில இருந்த காலம் பூரா, ஏத்துக்கிடுங்க, ஏத்துக்கிடுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். இப்போ ஏத்துக்கிடாதீங்கன்னு சொல்லிக் குடுக்கேன். ஆண்டவர் என்னைய எந்தப் பக்கம் நிறுத்துவாரோ தெரியல” என்று ஆரம்பித்தார்.

சக்கர நாற்காலிகள் வட்டமாக நின்றன. எல்லாரும் பழைய ஆட்கள். எல்லாருக்கும் ‘இல்லை’ வந்திருந்தது. ஒருவன் மட்டும் புதியவன். போன வருடம் துறைமுகத்தில் கிரேனிலிருந்து விழுந்தவன். அவனுக்குத் தொகை உச்சத்தில் வந்தது. மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று டெரன்ஸ் அவனைக் கூட்டிவந்திருந்தார். அவன் யாரோடும் பேசாமல் தொடையைக் குத்திக் குத்தி அழுதுகொண்டிருந்தான். “அவனுக்கென்ன, அதிர்ஷ்டக்காரன், இப்பத்தான விழுந்தான்” என்று பக்கத்திலிருந்த கிழவர் கஸ்பார் காதில் பொறாமையோடு சொன்னார். சொன்னபிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

டெரன்ஸ் கஸ்பாரின் பாதத்துக்கு முன்னால் ஒரு பந்தை வைத்தார். “உதையும்.”

கஸ்பார் பந்தைப் பார்த்தான். “நல்ல பந்துதான் சார்.”

“சிரிக்காதீரும்வே. சிரிச்சா பூஜ்யம். விழுகதுக்கு முன்னால நீர் பந்து வெளையாடினதே இல்லியா?”

“வெளையாடுனேன்.”

“யார் கூட?”

அவன் யோசித்தான். முகங்கள் வந்தன. மணல் சூடு உள்ளங்காலில் சுட்டது நினைவுக்கு வந்தது. எப்படிச் சுடும் என்பது மட்டும் வரவில்லை. டெரன்ஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதத்தான். அந்த எடத்துலயே நில்லும். வீட்டுக்குப் போயும் அங்கயே நில்லும்” என்றார்.

ஆறின புண்ணைச் சொறிந்து கிளறுவதுதான் பாடம். கஸ்பார் நல்ல மாணவன், சொன்னதைச் செய்தான். கடற்கரையில் மோட்டாரைப் பூட்டுவதை விட்டுவிட்டு வள்ளம் தள்ளுகிறவர்களின் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதுப் படத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்தான். ஒன்றும் பிடிபடாத எரிச்சல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை. யாராவது வேகமாக நடந்தால் கோபம் வந்தது. ஊர் சொன்ன அந்த மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போனது. ஆனால் பட்டை எழுதவில்லை. கோபத்துக்கெல்லாம் அதில் காசு கிடையாது.

“இன்னும் கெளம்ப மாட்டேங்குதா?” என்று பிரகாசி கேட்பாள், அடுப்பில் சோறு வெந்ததா என்று கேட்பது போல.

“இல்லட்டி.”

“வரும். கவலப்படாதீங்க.”

இடையில் ஒருநாள் ஆதிரை வந்து பிரகாசியின் பட்டையைக் கழற்றி வேறொன்று கட்டிவிட்டுப் போனாள். என்னவோ கோளாறு போலிருக்கிறது, எண் தாறுமாறாக வருகிறது என்றாள். பிரகாசி ஒன்றும் கேட்கவில்லை.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் அது நடந்தது. முற்றத்துக் குழாயடியில் துணி அலசி, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிய பிரகாசி பாசியில் வழுக்கினாள். துவைகல்லில் தலை மோதிய சத்தம் கட்டிலில் கிடந்த கஸ்பாருக்குக் கேட்டது. திறந்த கதவு வழியாகப் பார்த்தான். அவள் அசையாமல் கிடந்தாள்.

அவன் எழுந்தான். எழுந்துவிட்டதாகத்தான் நினைத்தான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஓர் எட்டு வைத்தது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த கணம் முகம் தரையில் மோதி, உதடு கிழிந்து, பை பிய்ந்து, தரையெல்லாம் ஈரமாகிக் கிடந்தான். பிறகுதான் கை ஞாபகம் வந்தது. கையை ஊன்றி இழுத்து இழுத்து வாசற்படிவரை போனான். அதற்குள் பிரகாசி தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் புடைப்பு மட்டும்தான்.

“ஏங்க, நீங்க எதுக்கு விழுந்து பொரண்டு வாறீங்க? நான் எந்திரிச்சு வரமாட்டனா?”

“நான் எந்திரிச்சிட்டேன்னு நெனச்சேம்ட்டி” என்றான் கஸ்பார். “நெசமாவே எந்திரிச்சிட்டேன்னு நெனச்சேன்.”

கஞ்சிச் சட்டி உயரே போன நாளுக்குப் பிறகு அவன் அன்றுதான் காலை நினைத்து அழுதான். ஏங்கி ஏங்கி அழுதான். பிரகாசி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். அழுகைக்கு நடுவிலும் கஸ்பாருக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. இதைப் பட்டை எழுதியிருக்கும். எழுதாமல் இருக்காது.

எழுதியிருந்தது. திருவிழா முடிந்து, இருவரும் தூத்துக்குடி அலுவலகத்துக்குப் போனபோது ஆதிரை அதைத்தான் முதலில் காட்டினாள். திரையில் தட்டையாக ஓடிய கோடு ஓர் இடத்தில் மட்டும் பனைமரம் மாதிரி உயர்ந்து நின்றது.

“இவ்வளவு பெரிய ஏத்தம் இந்த ஜில்லாவுலயே யாருக்கும் வந்ததில்லண்ணே. ஆனா ஒரே ஒரு தடவ. ஒரு தடவ வந்தத இது விபத்துன்னு தள்ளிரும். தெனம் வரணும்.”

“அப்போ?”

“உங்களுக்கு இல்லண்ணே.”

கஸ்பார் தலையை ஆட்டினான். தொம்மையின் பெட்டிதான் கண்ணில் வந்தது. கிளம்பலாம் என்பது போல நாற்காலிச் சக்கரத்தில் கை வைத்தான். ஆதிரை எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஆனா உங்க வீட்டுக்குத் தொகை வருது” என்றாள். அவனைப் பார்க்காமல் பிரகாசியைப் பார்த்தாள். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒப்பிடக் கட்டுன பட்டையில இடைவெளி வரவே கூடாது. வந்தா அதையும் கணக்குல எடுக்கணும்னு விதி. உங்களுக்கு வருது. தெனம் வருது.”

கஸ்பாருக்கு விளங்கவில்லை. “அவளுக்குக் கால் நல்லாத்தான இருக்கு? நடக்கா, தண்ணி எடுக்கா, என்னையத் தூக்குதா.”

“நடக்கறப்ப இல்லண்ணே. நிக்கறப்ப. காலையில ஒரு தடவ தவறாம வருது. சில நாளு மத்தியானமும். கெளம்புறதுக்கு முழு உத்தரவும் போகுது. கால் நகர மாட்டேங்குது. அவங்களேதான் அடக்கிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. காரணம் கேக்கக் கூடாதுங்கறதுதான் சட்டமே.”

“பட்டை கோளாறுன்னு மாத்துனீங்கல்லா?”

“மாத்துன பட்டையும் அதையேதான் எழுதியிருக்கு.”

பிரகாசி சுவரிலிருந்த மின்விசிறிச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் கழுத்துப் பட்டைக்குப் போய் அதை மூடிக்கொண்டது.

“எங்க போவதுக்கு உத்தரவு?” என்று கேட்டான் கஸ்பார்.

“அது இதுல வராதுண்ணே.”

ஆதிரை மற்றதை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள். தொகை அக்கா பெயரில் வரும். அவன் அவளைச் சார்ந்தவன் என்று பதிவாகும். குழாய், பை, மெத்தை எல்லாம் உண்டு. இடைவெளி இருக்கும்வரை தொகையும் இருக்கும். பட்டையைக் கழற்றக் கூடாது. அக்கா எங்கேயாவது கிளம்பிப் போய்விட்டால் கால் நகர்ந்துவிடும், அப்புறம் இடைவெளி ஏது? விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கஸ்பார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ரோஷம் ஒரு பக்கம், உயிர்ப்பயம் ஒரு பக்கம்.

“எங்கன கைநாட்டு வைக்கணும்?” என்றாள் பிரகாசி.

வீடு வந்ததும் அவள் வழக்கம்போல அவனைக் கட்டிலுக்கு மாற்றினாள், பையை மாற்றினாள், பழைய பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளிடம் அவன் கேட்டான்.

“எங்கட்டி போவ?”

பிரகாசி கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். “எனக்கே தெரியாதுங்க. காலையில பையக் கழுவிட்டு வாசல்ல நிப்பேன். மெயின் ரோட்டுல மொத பஸ் போவும். அதுல ஏறணும்னுகூட இல்ல. அந்த ரோட்டோடயே நடந்து போயிக்கிட்டே இருக்கணும்னு வரும். கால் கெளம்பிரும். பெறவு நீங்க கெடக்கது ஞாபகம் வரும். எங்க அக்கா செத்ததுக்குப் போயிட்டு, மண்ணு போட்ட கையோட மத்தியானத்துக்குள்ள ஓடி வந்தேம்லா, அதுல இருந்துன்னு நெனைக்கேன். அதுக்கு முந்தியும் இருந்திச்சோ என்னவோ.”

“என்னையப் புடிக்காமயா?”

“புடிக்காமதான் இத்தன வருசம் ஒருத்தி பீ மூத்திரம் அள்ளுவாளாக்கும்?” அவள் குரல் உயர்ந்தது. “ஒங்களப் புடிச்சிருக்கு. போவணும்னும் இருக்கு. ரெண்டும் நெசம். நான் என்ன செய்யட்டும்?”

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டெரன்ஸ் வகுப்புக்குப் போகாத பழைய கஸ்பாராக இருந்தால் ஆசைக்கு ஒரு பிரசங்கம் செய்து அவளை அடக்கியிருப்பான். இப்போது அவனுக்கு அந்த வேதனை என்னவென்று தெரியும்.

“ஒரு வாரம் எங்கனயாவது போயிட்டு வாட்டி.”

“போனா காசு நின்னுரும். காசு நின்னா நீங்க தொம்மை மாதிரி கெடப்பீங்க. அதப் பாக்கதுக்கா போயிட்டு வருவேன்?”

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். மனதில் கிடந்த பாரத்தை இறக்கி வைத்தவளுக்கு முகமே மாறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அவர்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொல்ல வேண்டும். மறைக்க எதுவும் இல்லாததால் பேச நிறைய இருந்தது. காலையில் அவள் வாசலுக்குப் போவதை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். அக்காளைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதில் நர்ஸ் படிக்க நினைத்ததைச் சொன்னாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். புது மெத்தை வந்தது, புதுக் குழாய் வந்தது.

பிறகு கைப்பேசியில் ஒரு வரியும் வந்தது. ‘இடைவெளி குறைந்துவருகிறது.’

கூடவே ஆதிரையும் கூப்பிட்டாள். “அண்ணே, அக்கா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கா தங்கச்சி. சந்தோசமா இருக்கா.”

“அதான் பிரச்சினை” என்றாள் அவள். “இந்த மாசமும் இப்படியே போனா நின்னுரும்ணே.”

பிரகாசி பழையபடி வாசலில் போய் நின்று பார்த்தாள். பஸ் போயிற்று. ரோடு காலியாகக் கிடந்தது. திரும்பி வந்து, “வர மாட்டேங்குதுங்க” என்று எதையோ பறிகொடுத்தவள் மாதிரி நின்றாள். அக்காள் அடக்கத்தை நினைத்துப் பார்த்தாளாம். அதை அவனிடம் சொல்லி அழுதாகிவிட்டது, இனி அதில் ஒன்றும் இல்லை என்றாள். டெரன்ஸிடம் போகலாமா என்று கஸ்பார் கேட்டான். “அவரு காலு வெளங்காதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கவரு. எனக்கு என்ன சொல்லிக் குடுப்பாரு?” என்றாள். அன்று முழுவதும் அவன் எதையோ யோசித்துக்கொண்டே கிடந்தான்.

மறுநாள் காலையில் அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கஸ்பார் ஒரு வாய் குடித்தான். நல்ல காப்பி. டம்ளரைச் சுவரைப் பார்த்து வீசினான்.

“கழனித்தண்ணி மாதிரி இருக்கு. இத்தன வருசமா ஒரு காப்பி போடத் தெரியல ஒனக்கு.”

அவளைப் பார்த்து அவன் சொன்ன முதல் கடுஞ்சொல் அது. பிரகாசி திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பழந்துணி எடுத்துவந்து குத்தவைத்துத் தரையைத் துடைத்தாள், டம்ளரை எடுத்து நசுங்கலைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

“இது பத்தாதுங்க. நீங்க அழுதுக்கிட்டே சொல்லுதீங்க, எனக்குப் பாவமா வருது. எங்க அம்மையச் சொல்லுங்க.”

செத்துப்போன அம்மையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல அவள் விட்டதில்லை. அது கஸ்பாருக்குத் தெரியும்.

“ஏட்டி, என்னால முடியாது.”

“முடியும். கண்ணத் தொடச்சிட்டுச் சொல்லுங்க. அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம்.”

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய அம்மையைச் சொன்னான்.